தாதியருக்குத் தொடர்பயிற்சி கொடுத்தால் நரம்பியல் சிகிச்சைச் செலவு கூடுமா?

கூடாது, குறையத்தான் செய்யும் என்பது என் எண்ணம். கொழும்பில் தனியார் வைத்தியசாலை பில்லைப் பாருங்கள்: நோயாளி ஐசியூவில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தொகையை ஏற்றுகிறது. தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் அங்கேயும் ஒரு கட்டில் கூடுதல் நாள் பிடிபட்டால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும்.

நாட்களைக் கூட்டுவது இடையில் வரும் சிக்கல்கள். பாரிசவாதம் வந்த என் மாமாவுக்கு நாங்கள் பிளேன்டீ பருக்கப் போனோம். தாதி தடுத்துவிட்டார். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துக் கவனித்தார். மாமா இருமினார், குரல் கரகரத்தது. அன்று வாயால் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்திருக்கலாம், அப்புறம் இன்னும் எத்தனையோ நாள். அந்தத் தாதிக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சரி, ஒருமுறை படித்தது போதாதா? போதாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் பாரிசவாதம் தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள் மட்டுமே போட்டார்கள். 2008இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அது நாலரை ஆனது. பழைய கணக்கை மட்டும் தெரிந்தவர், நாலாவது மணித்தியாலத்தில் வரும் நோயாளிக்கு அவசரப்படமாட்டார்.