நெதர்லாந்தில் சைக்கிள்: யார் முதலில் போவது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்

கேள்வி: கோவையிலிருந்து நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகருக்கு வேலை மாற்றலாகிப் போகிறேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 6 கிலோமீட்டர். சைக்கிளில் போய்வர ஆசை. ஆனால் சைக்கிளைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. விதிகள் அதிகம், தவறினால் அபராதம் என்கிறார்கள். ஐந்து வயது மகளையும் வழியில் பள்ளியில் விடவேண்டும். எதையெல்லாம் தெரிந்துகொண்டு போகவேண்டும்?

பதில்: ஆசைப்பட்டது நல்ல விஷயம். ஊர் சமதரை, 6 கிலோமீட்டரை நிதானமாக மிதித்தாலும் 25 நிமிடத்தில் போய்விடலாம். விட்டுப்போன பேலன்ஸ் ஒரே நாளில் திரும்பி வந்துவிடும். நாளாவது வேறு ஒன்றுக்கு. நம் ஊரில் குறுக்கே வருபவரின் முகத்தைப் பார்த்து, அவர் வேகத்தை எடைபோட்டு, இடைவெளி கிடைத்தால் நுழைவோம். அங்கே தனக்கு முன்னுரிமை உண்டென்று தெரிந்தவர் வேகத்தைக் குறைக்காமலே வருவார், நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி. நீங்கள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காவிட்டாலும் ஆபத்து. போகவேண்டிய இடத்தில் தயங்கி நின்றால், பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதனால் முதலில் படிக்கவேண்டியது யாருக்கு முன்னுரிமை என்பதைத்தான்.

தரையைப் பாருங்கள். சாலையின் குறுக்கே வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருக்கும். டச்சுக்காரர்கள் அவற்றைச் சுறாப் பற்கள் என்பார்கள். முக்கோணத்தின் கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். முனை எதிராளியைப் பார்த்து இருந்தால் அவர் நிற்பார். நீங்கள் நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். பற்களும் இல்லை, சிக்னலும் பலகையும் இல்லை என்றால் அது சமச் சந்திப்பு. அங்கே உங்கள் வலது பக்கமிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் வழிவிடவேண்டும், அது காரானாலும் சைக்கிளானாலும். இடமிருந்து வரும் கார் உங்களுக்காக நிற்கவேண்டும். 2001 மே 1 வரை இந்த உரிமை சைக்கிளுக்கு இல்லை. வலமிருந்து வந்தாலும் சைக்கிள்தான் காருக்கு நிற்கவேண்டியிருந்தது. டிராம் மட்டும் விதிவிலக்கு. சமச் சந்திப்பில் அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கே முதல் வழி.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில சந்துகள் பெரிய தெருவில் சேரும் இடத்தில் நடைபாதை அறுபடாமல் அதே உயரத்தில், அதே கல் பாவி, சந்தின் வாயைக் கடந்து தொடரும். வண்டி அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் வெளியே வரமுடியும். அப்படி ஏறி வருபவர், நடப்பவர் உட்பட எல்லோருக்கும் வழிவிடவேண்டும்; அவர் உங்களுக்கு வலப்புறம் இருந்தாலும் சரி. நீங்கள் அந்தச் சந்திலிருந்து வெளியே வரும்போதும் அதே கடமைதான்.

திரும்புவதற்கு வருவோம். ஒரே சாலையில் நேராகப் போகிறவருக்குத்தான் முதல் வழி. நீங்கள் நேராகப் போகும்போது உங்கள் பக்கத்தில் வந்த கார் வலப்புறம் திரும்ப நினைத்தால் அது காத்திருக்கவேண்டும். அதே நியாயப்படி, நீங்கள் வலப்புறம் திரும்பும்போது அந்தச் சாலையோடு நேராக நடந்துபோகிறவர் கடக்கும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டும். லாரி விஷயத்தில் மட்டும் விதியை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். வலப்புறம் திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குத் தன் வலது கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள் தெரியாமல் போகலாம். சிக்னலில் லாரி நின்றால் பக்கவாட்டில் நுழையாமல் பின்னாலேயே நில்லுங்கள்.

அங்கே போக்குவரத்து வலப்பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்ததெல்லாம் உடம்புக்கு உடனே வந்துவிடாது. காலியான தெருவில், அதுவும் திருப்பம் முடிந்த அடுத்த நொடியில், கை தானாக இடப்பக்கம் இழுக்கும். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் ஒருமுறை சரிபாருங்கள். வலது திருப்பம் சின்ன வளைவு. இடது திருப்பம்தான் எதிர்ப்போக்கைக் கடக்கும் பெரிய வளைவு. இடப்புறம் திரும்பவேண்டிய பெரிய சந்திப்பில் இரண்டு கட்டமாகப் போங்கள்: முதலில் நேராகக் கடந்து எதிர்முனையில் நின்று, பிறகு அங்குள்ள சிக்னலைப் பார்த்து மறுபடி கடப்பது. திரும்புமுன் அந்தப் பக்கக் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிக் காட்டவேண்டும், இது சட்டம். கை நீட்டுமுன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அந்தப் பாதையில்தான் போகவேண்டும், கார் சாலையில் இறங்கக்கூடாது. பாதை பெரும்பாலும் சிவப்புத் தார். அதில் எதிர்த்திசையில் போகக்கூடாது. இருவழிப் பாதை என்றால் பலகையில் அம்புக்குறி இருக்கும், நடுவே பெரும்பாலும் விட்டுவிட்டுக் கோடும் போட்டிருப்பார்கள். நடைபாதையில் ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நீங்கள் பாதசாரி, அப்போது போகலாம். ஒருவழித் தெருவின் நுழைவுத்தடைப் பலகைக்குக் கீழே சைக்கிளுக்கு விலக்கு என்ற சிறு பலகை பல இடங்களில் இருக்கும். சிவப்பு விளக்கிலும் சைக்கிள் வலப்புறம் திரும்பலாம் என்ற பலகையும் உண்டு. 'ரெக்ட்ஸ்ஆஃப் ஃபீட்ஸர்ஸ் ஃப்ரெய்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகை இல்லாத சிக்னலில் திரும்பினால் அபராதம். ரவுண்டானாவில் ஊருக்குள் பொதுவாகச் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளியே பொதுவாகக் காருக்கு. பொதுவாக என்றுதான் சொல்லமுடியும். இங்கும் தரையிலுள்ள பற்களே இறுதித் தீர்ப்பு.

பாதையில் எப்போதும் வலது ஓரம். முந்துபவர் இடப்பக்கமாக முந்துவார். அவர் லேசாகப் பெல் அடித்தால் கோபம் இல்லை, ‘வருகிறேன்’ என்று பொருள். ஓரமாக, கோடு மாறாமல் போய்க்கொண்டிருங்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், மூவர் கூடாது. முகவரி பார்க்கவோ மழைக்கோட்டு போடவோ நிற்கவேண்டுமானால் சைக்கிளோடு பாதையை விட்டு முழுக்க வெளியே வந்துவிடுங்கள். பாதை நடுவில் சட்டென்று நிற்பதைவிட அவர்களை எரிச்சலூட்டுவது வேறில்லை. வரிக்குதிரைக் கடவையில் கடக்கிறவருக்கும், கடக்கக் காத்து நிற்கிறவருக்கும் சைக்கிளும் நிற்கவேண்டும். டச்சுக்காரர்களே இதில் சில சமயம் தவறுகிறார்கள், நீங்கள் பழகிக்கொள்ளாதீர்கள்.

இனி சைக்கிளைப் பார்ப்போம். அங்கே பல சைக்கிள்களில் பின் சக்கரத்துக்குக் கை பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். நம் சைக்கிளில் சிக்னலில் நின்றபடி கால் விரலால் பெடலைப் பின்னால் சுற்றி, மிதிக்க வசதியாக மேலே கொண்டுவருவோமே, அது இதில் நடக்காது. சுற்றினால் பிரேக்தான் பிடிக்கும். பெடல் அடியில் போய் நின்றுவிட்டால், பச்சை விழுந்ததும் நீங்கள் தடுமாறுவீர்கள், பின்னால் ஒரு கூட்டமே தடுமாறும்.

அதற்கு வழி, நிற்கும் முன்பே பெடலை இடம் பார்த்து நிறுத்துவது. வேகம் குறையும்போது வலது பெடல் முன்பக்கம், கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது பின்னால் இருக்கும் இடது காலை அழுத்தி பிரேக் பிடியுங்கள். சைக்கிள் நின்றதும் இடது காலைத் தரையில் ஊன்றுங்கள். வலது பெடல் அடுத்த மிதிக்குத் தயாராக அதே இடத்தில் இருக்கும். தவறான இடத்தில் நின்றுவிட்டால், சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தை ஒரு விரற்கடை தூக்கி, பெடலை முன்னோக்கிச் சுற்றிச் சரிசெய்யலாம். இன்னொரு முக்கியமான விஷயம்: இந்த பிரேக் செயின் வழியாகத்தான் வேலை செய்கிறது. செயின் கழன்றால் பிரேக்கும் போயிற்று. குழந்தையை ஏற்றப்போகிற நீங்கள் முன் சக்கரத்துக்குக் கை பிரேக்கும் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல நிலையில் உள்ள பழைய சைக்கிள் கடையில் 150 முதல் 250 யூரோவுக்குக் கிடைக்கும். தெருவில் யாராவது 30 யூரோவுக்குக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் திருட்டுச் சைக்கிள். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நிலையில் வாங்குவதும் அங்கே குற்றம். ஃபிரேமில் பொறித்த எண்ணைக் காவல்துறையின் 'ஸ்டாப்ஹெலிங்' தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையைத் தொடவேண்டும். டச்சுக்காரர்கள் உயரமானவர்கள், பழைய சைக்கிள்களின் ஃபிரேமும் அப்படியே. டயரில் காற்றடைக்கும் வால்வு நம் பழைய கறுப்புச் சைக்கிளில் இருப்பது போன்றதாகவே இருக்கும், அது உங்களுக்குப் புதிதல்ல.

பூட்டு இரண்டு வேண்டும். பின் சக்கரத்தை வளைத்துப் பிடிக்கும் வளையப் பூட்டு ஒன்று; அது மட்டும் போட்டால் சைக்கிளையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தடித்த சங்கிலிப் பூட்டால் ஃபிரேமையும் முன் சக்கரத்தையும் சேர்த்து நிலையான கம்பியில் பூட்டுங்கள். ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்துமிடம் அல்லாத இடத்தில் விட்டால் நகராட்சி எடுத்துப்போய்விடும், பணம் கட்டித்தான் மீட்கவேண்டும். நிலையத்தின் காவலுள்ள நிறுத்தகங்களில் பொதுவாக முதல் 24 மணி நேரம் இலவசம். இரண்டடுக்கு ஸ்டாண்டில் குழந்தை இருக்கை வைத்த சைக்கிள் நுழையாது. அதற்கென்று தனியிடம் இருக்கும், கேளுங்கள்.

விளக்கு விஷயத்தில் எந்தச் சமாதானமும் செல்லாது. ஐன்ட்ஹோவனில் டிசம்பர் மாதம் சூரியன் எழ எட்டே முக்கால் ஆகும், மாலை நாலரைக்கு மறைந்துவிடும். அலுவலகம் போவதும் வருவதும் இருட்டில்தான். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. இரண்டும் நிலையாக எரியவேண்டும், விட்டுவிட்டு மின்னக்கூடாது. விளக்கைச் சைக்கிளில் மாட்டலாம், சட்டையின் நெஞ்சிலோ முதுகிலோ மாட்டலாம். தலை, கை, காலில் மாட்டினால் செல்லாது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்களில் மஞ்சள் ரிஃப்ளெக்டர், சக்கரப் பக்கங்களில் வெள்ளை அல்லது மஞ்சள் வளையம், வேலை செய்யும் பெல் ஆகியவையும் கட்டாயம். சீருடைக் காவலர் குளிர்கால மாலைகளில் பாதையோரம் நின்று இதையெல்லாம் பார்ப்பார்.

ஓட்டும்போது கையில் செல்போன் பிடிக்க 2019 ஜூலை 1 முதல் தடை. சிக்னலில் நிற்கும்போது எடுக்கலாம், நகரும்போது கூடாது. அபராதம் 150 யூரோவுக்குக் குறையாது. வழி பார்க்கவேண்டுமானால் ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு மாட்டிவிடுங்கள். மதுவின் வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், காருக்குச் சொன்னதேதான். 14 வயது நிரம்பியவர் காவலர் கேட்டால் அடையாள அட்டை காட்டவேண்டும். அலுவலக அட்டை செல்லாது, பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டை வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 8 வயதுக்குட்பட்ட குழந்தையை வெறும் கேரியரில் உட்கார வைக்கக்கூடாது. முதுகுக்கும் கைக்கும் பாதத்துக்கும் தாங்கல் உள்ள இருக்கை கட்டாயம். பாதத் தாங்கலில் வாரைக் கட்டாமல் விடாதீர்கள். தொங்கும் கால் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கினால் கணுக்கால் எலும்பு முறியும். அதனால் பின் சக்கரத்தின் இரு பக்கமும் துணி அல்லது பிளாஸ்டிக் தடுப்பும் போடுங்கள். பின் இருக்கைகள் வழக்கமாக 22 கிலோ வரை தாங்கும். கேரியரின் எடை வரம்பு அதன்மேலேயே பொறித்திருக்கும். பல கேரியர்களில் அது 25 கிலோ. மகள் 18 கிலோ, இருக்கை 4 கிலோ என்றால் மிச்சம் 3 கிலோதான், கனமான பள்ளிப் பையை அதில் தொங்கவிட இடமில்லை. ஸ்டாண்டு இரட்டைக் கால் வைத்ததாக இருக்கட்டும். ஆனாலும் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது சைக்கிளை விட்டுக் கை எடுக்காதீர்கள். சாதாரணச் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, டச்சுக்காரர்களில் மிகச் சிலரே போடுகிறார்கள். எங்கள் யோசனை: மகளுக்கு எப்போதும் போடுங்கள், உங்களுக்குக் கை பழகும்வரையாவது போடுங்கள்.

ஐன்ட்ஹோவனில் டிராம் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போய் ஓட்டினால் தண்டவாளத்தைக் கூடியமட்டும் நேர்குறுக்காகக் கடக்கவேண்டும். சாய்வாகப் போனால் முன் சக்கரம் பள்ளத்தில் மாட்டி ஆளைத் தூக்கி எறியும், மழையில் இன்னும் எளிதாக.

பலரும் மறந்துபோகும் ஒன்று காப்பீடு. கார் சைக்கிளில் மோதினால் சட்டம் பெரும்பாலும் சைக்கிள்காரர் பக்கம். 14 வயது நிரம்பியவர் தவறு செய்திருந்தாலும், வேண்டுமென்றே செய்தது போன்ற அடாவடி அல்லாதவரை, அவருடைய நஷ்டத்தில் பாதியாவது கார்க்காரர் தரப்பு ஏற்கவேண்டும். ஆனால் நீங்கள் இன்னொரு சைக்கிள்காரர்மீதோ நடப்பவர்மீதோ மோதினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. முழுச் செலவும் உங்கள் தலையில் விழலாம். அதற்குத் தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிடுங்கள். மாதம் சில யூரோதான், குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கலாம்.

சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் இல்லாமல், வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து அலுவலகம் என்று முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இறங்கி நின்று சுறாப் பல் யாரைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அடுத்து ஒரு வாரநாளில், எட்டேகால் மணிக்கு, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் போகும்போது அதே வழியில் இன்னொரு முறை. முன்னால் போகிற பத்து வயதுப் பிள்ளை எங்கே கை நீட்டுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது என்று பாருங்கள். அங்கே ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் போக்குவரத்துத் தேர்வு உண்டு, எழுத்தும் தெருவில் ஓட்டிக்காட்டுவதுமாக. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே போங்கள். மகளை மூன்றாவது முறை ஏற்றிக்கொள்ளலாம்.