பத்துத் தீர்மானமும் பொங்கலுக்குள் போய்விடுகிறதா?

ஜனவரி 1 அன்று பத்துத் தீர்மானம் எழுதுகிறேன், பொங்கலுக்குள் எல்லாம் போய்விடுகிறது, என்னிடம்தான் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு பட்டியலில் இருக்கிறது.

காரைக்குடிக்காரர் என்பதால் உங்களுக்கு, நகரத்தார் வீடுகளில் இருக்கும் பிள்ளையார் நோன்பு தெரிந்திருக்கும். திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள், கோடி வேட்டியிலிருந்து (புது வேட்டி) நாளுக்கு ஒரே ஒரு நூல். அவசரம் என்று எங்கள் அப்பத்தா ஒருநாளும் இரண்டு நூல் உருவியதில்லை. கடைசியில் 21 நூலும் ஒரே திரியாகி, மாவில் சுடரோடு நிற்கும். அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம் (சின்ன வயதில் நான் பயந்து அழுதிருக்கிறேன்).

அந்தக் கணக்கில் உங்கள் பத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். பட்டியலில் இருக்கும் வங்கித் தேர்வு உங்கள் ஆசையா, மாமாவின் ஆசையா? மாமாவுடையது என்றால் முதலில் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "பத்துக் கிலோ குறைக்க வேண்டும்" என்பதை நாளைக் காலையில் எப்படிச் செய்வீர்கள்? இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வளவை (வீட்டின் உள்முற்றத்தை) பத்துச் சுற்று என்று எழுதினால் செய்யலாம். சுற்றும்போது போன் வேண்டாம், கால் தரையில் படுவதைக் கவனித்தால் போதும்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது சுற்று வேண்டாம். அதே பத்துதான். 21 நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம்.