கோல்ஃப் டிரைவரில் ஸ்லைஸ்: சாவியா, ஸ்விங்கா?

டிரைவரின் (தூரம் அடிக்கும் கோல்ஃப் கிளப்) எடையைச் சாவியால் ஹீல் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம் நகர்த்தி, லாஃப்டையும் (முகத்தின் சாய்வு) ஏற்றிய பிறகும் பந்து வலப்பக்கமே வளைகிறது, ஸ்லைஸ் போகவில்லை என்கிறீர்கள். அந்த இரண்டும் கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) கொஞ்சம் மூட, அதாவது இடப்பக்கம் திரும்ப உதவும், அவ்வளவுதான். ஸ்விங் வெளியிலிருந்து உங்கள் பக்கமாக உள்ளே வெட்டிக்கொண்டு வந்தால், முகம் அந்தப் பாதைக்குத் திறந்தே, அதாவது அதற்கு வலப்பக்கம் பார்த்தே நிற்கும். பந்து வளையத்தான் செய்யும்.

முதலில் கிளப் முகத்தில் ஃபுட் பவுடர் ஸ்ப்ரே (பாதத்துக்கு அடிக்கும் பவுடர்) அடித்துவிட்டு நாலைந்து பந்து அடியுங்கள். தடம் ஹீல் பக்கம் விழுந்தால் வளைவு இன்னும் கூடும், அங்கிருந்து தொடங்குங்கள். நடுவில்தான் விழுகிறதா? சரி, பிடியைப் பாருங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரே ஒரு விரல்முட்டி தெரிகிறதென்றால், கையை வலப்பக்கம் திருப்பி இரண்டு மூன்று தெரிகிற மாதிரி பிடியுங்கள். புது ஷாஃப்டுக்கு (கிளப்பின் தண்டு) இப்போதைக்குப் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

அப்புறம், ரவுண்டு நடுவே சாவியை எடுத்து அமைப்பை மாற்றாதீர்கள். கோல்ஃப் விதி 4.1 அதை அனுமதிப்பதில்லை.