எல்லையோரத் தமிழ்ப் பையன் சந்தோஷ் கோப்பை வரை போக வழி எது?

கேள்வி: எங்கள் குடும்பம் கேரள எல்லையோரப் பாறசாலையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். 13 வயது மகன் ஊர்ப் போட்டிகளில் நன்றாகக் கால்பந்து விளையாடுகிறான். அவனைக் கேரளச் சங்கத்தில் பதிவு செய்வதா, தமிழ்நாட்டில் செய்வதா?

கேரளத்தில் செய்யுங்கள். நான் தமிழ்நாட்டு எல்லையோர நீரோடிக்காரன், மணமான பிறகு கேரளப் பக்கத்துப் பொழியூரில் குடியேறி, மாலை நேரங்களில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்தபோது தூத்தூர், வள்ளவிளை, நீரோடி எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்தன; அடுத்த ஊரான பொழியூர் கேரளத்தில் நின்றது. இரு பக்கமும் அதே மணல், அதே கடல் தொழில். தூத்தூர் வட்டாரக் கத்தோலிக்கப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் உயர் மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கால்பந்துக்கு இங்கே இரண்டு சங்கங்கள். பொழியூர்ப் பையன் மாவட்டத் தேர்வுக்குத் திருவனந்தபுரம் போய்ப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். நீரோடிப் பையன் மாநில அளவில் தலைகாட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டும். பொழியூரிலிருந்து, மாநில அணிகளும் ரயில்வே போன்ற துறை அணிகளும் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பைக்கு வீரர்கள் வரிசையாகப் போனதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திறமை இரு பக்கமும் ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பக்கத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கே ஆடினார்.

தனியாள் யாரும் நேராக மாநிலச் சங்கத்தில் சேர முடியாது. கிளப்பில் அல்லது அகாடமியில் சேர வேண்டும். கிளப் மாவட்டச் சங்கத்தில் இருக்கும். மாவட்டச் சங்கம் மாநிலத்தின் கீழ் வரும். மாநிலம் 1937-இல் தொடங்கிய அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கீழ் வரும். எந்த மாநில அணியில் ஆடலாம் என்பதில் பிறந்த ஊரைவிட, பதிவு எங்கே இருக்கிறது என்பதுதான் பேசும். அதனால் மகன் தமிழன் என்பது கேரளத்தில் தடையே இல்லை.

ஊர்த் திருவிழாப் போட்டிகளையும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸையும் பற்றி ஒரு சொல். எனக்கு அவை உயிர். மலப்புறம், பாலக்காடு பக்கம் கமுகு மரத்தில் கேலரி கட்டி, மின்விளக்கில் நடக்கும் செவன்ஸ் ஆட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் வீரர்கள் வருகிறார்கள். சிறிய இடத்தில் பந்தைக் காலோடு வைத்திருக்கும் நிதானம் அங்கேதான் பழகும். ஆனால் அங்கே அடித்த கோல் சம்மேளனத்தின் கணக்கில் ஏறாது. ஏழு பேர் ஆட்டத்திலேயே ஊறிப்போன பையன் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தால், பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறுகிறான். பதினைந்து வயதுக்குள் முழு மைதானத்தில் ஆட வைத்துவிடுங்கள்.

பிறகு மாவட்ட லீக். பார்க்க ஆள் இருக்காது, வெயில் கொளுத்தும், செய்தித்தாளில் பெயர் வராது. ஆனால் தேர்வாளர்கள் வரும் இடம் அதுதான். வயதுவாரி மாவட்ட அணி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, மாநிலப் பயிற்சி முகாம் என்று அங்கிருந்துதான் ஏற வேண்டும். மேலே கேரள பிரீமியர் லீக் இருக்கிறது. 2024-இல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் உள்ளூர் வீரர்களுக்குச் சம்பளமும் கிடைக்கிறது.

சந்தோஷ் கோப்பை பழங்கதை, கிளப் அணிகள் ஆடும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வந்தபின் அதற்கு மதிப்பில்லை என்பவர்கள் கடற்கரைக் குடும்பங்களை அறியாதவர்கள். 1973-இல் எறணாகுளத்தில் கேப்டன் மணி மூன்று கோல் அடித்து ரயில்வே அணியை 3–2 என வீழ்த்திக் கேரளத்துக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து 2022-இல் மஞ்சேரியில் பெனால்டியில் வங்காளத்தை வென்றது வரை ஏழு கோப்பைகள். தமிழ்நாடு இன்னும் ஒன்றுகூட வெல்லவில்லை. 2012 இறுதிப் போட்டியில் முப்படைகளின் சர்வீசஸ் அணியிடம் 3–2 எனத் தோற்றது எனக்கு இன்றும் வலிக்கிறது. கோப்பையைவிடப் பெரியது அதன் பின்னால் வரும் வேலை. போலீஸ், மின்வாரியம், வங்கி எனத் துறை அணிகள் பல கேரளத்தில் இருந்திருக்கின்றன. 2018-இல் கொல்கத்தாவில் வென்றபோது வேலை இல்லாத வீரர்களுக்கு அரசு வேலை அறிவித்தது. கடலுக்குப் போன தகப்பன் கரை திரும்பும்வரை வாசலில் காத்திருந்த பிள்ளைக்கு மாதச் சம்பளத்தின் அருமை என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். திருவனந்தபுரம் மாவட்டச் சங்கத்தில் இணைந்த கிளப் எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜெர்சியும் பெயர்ப்பலகையும் மட்டும் உள்ள அகாடமிகள் நிறைய முளைத்திருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் தேதியும் ஆதாரில் அப்படியே இருக்கட்டும். வயதுப் பிரிவுப் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் உண்டு, அதனால் வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லும் எவரிடமும் பையனை விடாதீர்கள். பதிவு முடிந்ததும் அதன் நகலை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பின்னாளில் மாநிலம் மாற வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.