முன்தாள் கிழிந்த பழைய நாவல்: முதல் பதிப்புதானா?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் பார்த்தேன். பதிப்பு விவரம் உள்ள முன்தாள் கிழிந்துவிட்டது. பின்னட்டையில் ‘ரூ. 3-50 ந.பை., சென்னை-17’ என்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று சொல்லி 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பின்னட்டையை வைத்து இந்தப் பிரதி அச்சான காலத்தைத்தான் சொல்ல முடியும்; நாவல் முதலில் வெளிவந்த வருடம் அதில் தெரியாது.

‘ந.பை.’ என்பது நயா பைசா; அது 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. ஆகவே பிரதி பெரும்பாலும் இந்த இடைவெளியில் அச்சானது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இல்லாததும் பொருந்துகிறது; அது 1972-இல்தான் வந்தது. விலை ‘3-8-0’ (3 ரூபாய் 8 அணா) என்று அணாக் கணக்கில் இருந்திருந்தால் 1957-க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

அடுத்து முன்னுரையைப் படியுங்கள். ‘இரண்டாம் பதிப்புக்கு’ என்று ஒரு வரி இருந்தால் கடைக்காரர் பேச்சு அங்கேயே முடிந்தது. தேதிக்குப் பதில் ‘விஜய வருஷம்’ என்று இருந்தால் அது 1953 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் விலையோடு ஒத்துப் பாருங்கள்.

முன்தாள் இருக்கும் பிரதி கிடைத்தாலும் ‘முதற் பதிப்பு’ என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம். பதிப்பகம் மாறினால் புதியவர் தன் முதல் அச்சையே அப்படிப் போடுவது நம் ஊர் வழக்கம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. இன்று கடையில் ‘முதற் பதிப்பு 2005’ என்பதுபோல் போட்ட பிரதிகளும் கிடைக்கும்.

அந்தக் காலத்து நாவல்களில் பல, இதழ்த் தொடராகத்தான் முதலில் வந்தன. வாரத் தாள்களைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்புகளும் புத்தகம் என்று விலைக்கு வரும். அத்தியாய முடிவில் ‘தொடரும்’, தாளின் மறுபக்கம் சோப்பு விளம்பரம் என்று இருந்தால் அது தொடர்த் தொகுப்பு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதல் பதிப்பு ஆகாது.

உறுதி செய்ய, எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். பட்டியலில் உள்ள மிகப் பழைய ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்தப் பிரதியின் பக்க எண்ணிக்கையையும் விலையையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் ஒத்துப்போனாலும், முன்தாள் இல்லாத பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் முழு விலை தரமாட்டார்கள். படிக்கத்தான் என்றால் வாசிப்புப் பிரதியின் விலைக்கே பேசுங்கள். பணம் கொடுக்குமுன் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்கள்) ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.