இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா பற்றி உங்கள் மகள் எழுதிய பேச்சு 'பட்டியல் மாதிரி' இருக்கிறதா?

பிறந்த தேதியை வெட்டிவிட்டு 1937-இல் தொடங்குங்கள்: வயது 18, கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

உங்கள் மகளின் பேச்சுப்போட்டி உரை பட்டியல் மாதிரி ஒலிப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்ததால்தான் என்று நினைக்கிறேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்ததும் சிம்லா வேலையும் ஒரே வரியில் போகட்டும். கல்கத்தாவில் நில்லுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே சகோதரர் குடும்பம் இருந்தது; பக்ரா நங்கல் அணைக்கான மின்பணியும் அங்கிருந்தபோதுதான்.

ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். லலிதா எதையும் முடிவு செய்யாத வரிகளைத் தூக்கிவிடலாம். (1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டு வரி தப்பிக்கும்!)

ஒன்று மட்டும்: 'முதல் பெண் பொறியாளர்' என்று அடித்துச் சொல்ல வேண்டாம். திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர்கள். 'முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர்' போதும்.