நீச்சல் குளத்துக்கு ஹீட்டர்: மின்சாரமா, கேஸா?

கேள்வி: வீட்டில் 50,000 லிட்டர் நீச்சல் குளம் இருக்கிறது. கேஸ் ஹீட்டர் விலை குறைவு. ஹீட் பம்ப் விலை அதிகம், ஆனால் மாதச் செலவு குறையும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: மின்சார ஹீட்டர் என்ற பெயரில் இரண்டு வேறு கருவிகள் விற்கின்றன. காயில் (சூடாகும் கம்பிச் சுருள்) வைத்தது, ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், மிதமான வானிலையில் சுமார் 5 யூனிட் வெப்பம் கிடைக்கும். குளத்துக்குக் காயில் வேண்டவே வேண்டாம்.

1,000 லிட்டரை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். உங்கள் குளத்தை 5 டிகிரி ஏற்ற 290 யூனிட். ஹீட் பம்ப் அதற்கு 58 யூனிட் மின்சாரம் இழுக்கும். எல்பிஜி என்றால், புகையோடு போவது கழித்து, கிலோவுக்குச் சுமார் 11 யூனிட் வெப்பம் நிற்கும். அதாவது 26 கிலோ. ஆகவே ஒரு கிலோ கேஸின் விலை ஒரு யூனிட் மின்சார விலையைப்போல் 2.2 மடங்கைத் தாண்டினால், ஓட்டும் செலவில் ஹீட் பம்ப்தான் லாபம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும் கட்டணம் என்றால், பில்லின் சராசரியை எடுக்காதீர்கள். கடைசி ஸ்லாபின் விலையை எடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

விலை வித்தியாசத்தை ஆண்டு மிச்சத்தால் வகுங்கள். கடனில் வாங்கினால் வட்டியையும் சேருங்கள். ஐந்து ஆண்டுக்குள் பணம் திரும்பாவிட்டால் நான் ஹீட் பம்ப் வாங்கச் சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு வார இறுதியில் மட்டும் நீந்தும் வீட்டில் அது திரும்பாது. தவிர, 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் அந்த 5 டிகிரியை ஏற்ற ஒரு முழு நாளுக்கு மேல் ஓடும். 100 கிலோவாட் கேஸ் ஹீட்டர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். காற்று 10 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் ஹீட் பம்ப் இன்னும் திணறும்.

கொட்டேஷனில் கேஸ் லைன், புகைபோக்கி, தனி பிரேக்கர், கேபிள், மின் லோடு உயர்த்தும் கட்டணம் எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரில் குளோரின் கலக்கும் ஃபீடர், தண்ணீர் ஓடும் வழியில் ஹீட்டருக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் வைத்தாலோ, தண்ணீரின் பிஹெச் 7.2க்குக் கீழே (அமிலம் கூடி) கிடந்தாலோ, ஹீட்டருக்குள் தண்ணீருக்கு வெப்பத்தைக் கடத்தும் செம்பு எக்ஸ்சேஞ்சர் அரித்துப்போகும். அதற்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

எந்த ஹீட்டருக்கும் முன்னால் குளத்துக்கு ஒரு கவர் வாங்குங்கள். வெப்பம் பெரும்பாலும் தண்ணீர் ஆவியாவதில்தான் போகிறது. கவர் போட்டால் சூடாக்கும் செலவு பாதிக்கு மேல் குறையும். ஹீட்டரின் அளவைப் பிறகு முடிவு செய்யுங்கள், சின்னதே போதுமானதாக இருக்கலாம்.